ஐம்பதாவது வளைவிலிருந்து பதினெட்டாவது வளைவுக்கு

கேள்வி: வயது 44, ஊர் சேலம். ஞாயிறுதோறும் அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கொல்லிமலைக்குச் சைக்கிளில் ஏறுகிறேன். மாதம் ஒருமுறை ஆகாய கங்கை அருவிப் படிகளில் ஓட்டப் பயிற்சி. சுண்டுவிரல் மரத்துப்போகிறது, படி இறங்கினால் முழங்கால் வலிக்கிறது, கால் பெருவிரல் நகம் கறுத்துவிட்டது. ஓய்வில் நாடித்துடிப்பு 50 என்று கைக்கடிகாரம் காட்டுகிறது. மலையில் ஆக்சிஜன் குறைவு என்று இணையத்தில் படித்தேன். இரண்டு மாதமாக ஏறும்போது மேல்வயிற்றிலிருந்து நெஞ்சுவரை வாயு அடைக்கிறது. நின்றால் விட்டுவிடும். முதலில் 50ஆவது வளைவுக்கு மேல்தான் வந்தது, இப்போது 18ஆவது வளைவிலேயே வருகிறது. கேஸ் மாத்திரை போட்டுக்கொள்கிறேன். ஆறு மாதம் முன்பு எடுத்த ஈ.சி.ஜி. நார்மல். அப்பா 51 வயதில் மாரடைப்பில் இறந்தார். சைக்கிளை விட்டுவிட வேண்டுமா?

பதில்: இன்றே மருத்துவமனைக்குப் போங்கள். இந்த ஞாயிறு ஏறிவிட்டுத் திங்கட்கிழமை போகலாம் என்று நினைக்காதீர்கள். இதை உங்களுக்குத் தனியாகவும் எழுதி அனுப்பிவிட்டேன். உங்களைப் போலவே வாயு என்று சொல்லி நாளைக் கடத்துகிறவர்கள் பலர் இருப்பதால் இங்கேயும் எழுதுகிறேன்.

வாயுத் தொல்லை சாப்பாட்டை ஒட்டி வரும், படுத்தால் கூடும், குனிந்தால் மேலே ஏறும். ஏறினால் வருவது, நின்ற சில நிமிடங்களில் போவது என்ற ஒழுங்கு அதற்குக் கிடையாது. அந்த ஒழுங்கு இதயத்துடையது. மேட்டில் மிதிக்கும்போது இதயத் தசைக்குக் கூடுதல் ரத்தம் வேண்டும். இதயத்தின் ரத்தக் குழாய் சுருங்கியிருந்தால் சமதளத்துக்குப் போதுமான ரத்தம் மேட்டுக்குப் போதாது. நெஞ்சு இறுகும், சிலருக்குத் தாடையோ இடது கையோ கனக்கும், சிலருக்கு உங்களைப் போல மேல்வயிறு அடைக்கும். நின்றதும் தேவை குறைகிறது, அடைப்பு விட்டதுபோல் ஆகிறது. கூடவே ஒரு ஏப்பமும் வந்தால் வாயுதான் என்று முடிவே கட்டிவிடுகிறோம். இதயத்துக்கு ரத்தம் போதாமல் வரும் இந்த வலிக்கு ஆஞ்சைனா என்று பெயர்.

ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது அந்த வளைவுக் கணக்கு. அதே பாதை, அதே சைக்கிள், அதே ஆள். 50ஆவது வளைவில் வந்தது இரண்டே மாதத்தில் 18க்கு இறங்கியிருக்கிறது. குறைந்த உழைப்புக்கே வலி வருகிறது என்றால் ரத்தக் குழாய் அடைப்பு நிலையாக இல்லை, மாறிக்கொண்டிருக்கிறது என்று பொருள். குழாயின் உட்புறக் கொழுப்புப் படிவில் விரிசல் விட்டு, அதன்மேல் ரத்தக்கட்டி சேரும்போது இப்படி ஆகலாம். அடுத்த படி, உட்கார்ந்திருக்கும்போதே வலி. அதற்கு அடுத்தது மாரடைப்பு. எழுபது வளைவுக்கும் எண் எழுதியிருப்பதால் உங்களுக்கு இது கணக்காகவே தெரிந்துவிட்டது. மற்றவர்கள் மாடிப்படியையோ, பேருந்து நிறுத்தம் வரையிலான தூரத்தையோ வைத்துப் பார்க்கலாம். போன மாதம் நிற்காமல் போன இடத்தில் இந்த மாதம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றால், அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

ஈ.சி.ஜி. நார்மல் என்பதைப் பிடித்துக்கொள்ளாதீர்கள். படுத்திருக்கும்போது எடுத்தது அது. வலி இல்லாத நேரத்தில் பெரிய அடைப்பு இருந்தாலும் நார்மலாக வரலாம். நீங்களாகவே ஒரு பரிசோதனை நிலையத்துக்குப் போய் டிரெட்மில் டெஸ்டும் செய்துகொள்ள வேண்டாம். இந்த நிலையில் ஓடவைப்பதே ஆபத்து. மருத்துவமனையில் ஈ.சி.ஜி.யைத் திரும்ப எடுப்பார்கள், இதயத் தசை பாதிப்பைக் காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையும், எக்கோ என்ற இதய ஸ்கேனும் செய்வார்கள், அநேகமாக ரத்தக் குழாய் அடைப்பைப் படமெடுக்கும் ஆஞ்சியோகிராம் வரை போகும். வளைவுக் கணக்கையும் அப்பாவின் வயதையும் முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். வயிறு எரிகிறது என்று தொடங்கினால் இன்னொரு கேஸ் மாத்திரையோடு திருப்பி அனுப்பப்பட வாய்ப்பிருக்கிறது. சட்டைப்பையில் கேஸ் மாத்திரை அட்டையோடு தாமதமாக வந்து சேர்ந்தவர்களை இரவுப் பணியில் பார்த்திருக்கிறேன். அந்த அட்டைமேல் எனக்கு இருக்கும் கோபம் கொஞ்சமல்ல.

நீங்களே வண்டி ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். போவதற்குள் ஓய்விலேயே வலி வந்து சில நிமிடங்களில் விடவில்லை என்றால் 108ஐ அழையுங்கள். அப்புறம், ஒவ்வாமையோ ரத்தக்கசிவுப் பிரச்சினையோ இல்லையென்றால் ஆஸ்பிரின் 300 மி.கி. மென்று விழுங்கலாம். இதுவே காட்டுப் பாதையில், தனியாக, செல்போனில் சிக்னல் இல்லாத வளைவில் நடந்தால் என்ன செய்வது என்று யோசித்துப் பாருங்கள். இதய சிகிச்சைக்கு மலையிறங்கி நாமக்கல்லோ சேலமோ வந்தாக வேண்டும். பரிசோதனை முடியும்வரை மலை வேண்டாம் என்பது அதனால்தான்.

மற்றவை எதுவும் கவலைப்படும்படி இல்லை. சுண்டுவிரல் மரப்பது, ஹேண்டில்பார் உள்ளங்கை நரம்பை அழுத்துவதால். பஞ்சு வைத்த கையுறை போட்டு, பிடியை மாற்றி மாற்றிப் பிடியுங்கள். நகம் ஷூ இறுக்கத்தால் கறுத்தது, வளர்ந்து விழும். முழங்காலுக்குத் தொடைத் தசைப் பயிற்சி போதும், அதுவும் இதயத்தைப் பார்த்த பிறகு. தொடர்ந்து சைக்கிள் மிதிக்கிறவருக்கு, மயக்கமோ தலைசுற்றலோ இல்லாதவரை, நாடித்துடிப்பு 50 இயல்பானதே. ஆக்சிஜன் பயத்தை விட்டுவிடுங்கள். உயரத்தால் வரும் நோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான். கொல்லிமலையின் மேல்பகுதி சுமார் 1,000 முதல் 1,300 மீட்டர். லடாக் போகிறவர்கள் படிக்க வேண்டியதைப் படித்துவிட்டு நீங்கள் பயந்திருக்கிறீர்கள்.

சரி, நீங்கள் கேட்டது சைக்கிளைப் பற்றி. உள்ளே இருந்த கேள்வி அப்பாவைப் பற்றியது என்று நினைக்கிறேன். ஆண் ஒருவருக்கு 55 வயதுக்கு முன் மாரடைப்பு வந்திருந்தால் பிள்ளைகளுக்கு ஆபத்து கூடுதல், அது உண்மை. ஆனால் நீங்கள் இன்று போகப்போகிறீர்கள். அடைப்பைக் கண்டுபிடித்தால் மருந்து, ஸ்டென்ட், தேவையென்றால் பைபாஸ் இருக்கிறது. இதயத் தசை கெடுவதற்கு முன் சிகிச்சை பெற்ற பெரும்பாலானோர், மருத்துவர் சொல்லும் வேகத்தில், சமதளத்தில் தொடங்கி மறுபடி சைக்கிள் மிதிக்கிறார்கள். உங்களுக்கும் அந்த எழுபது வளைவு திரும்பக் கிடைக்கலாம்.

வீட்டில் இதைச் சொல்லியிருக்கிறீர்களா என்று கடிதத்தில் இல்லை. சொல்லுங்கள், ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு கிளம்புங்கள். உடன்பிறந்தவர்கள் இருந்தால், ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் இந்த மாதமே பார்க்கச் சொல்லுங்கள். அவர்களுக்கும் அதே அப்பாதான்.