என்ஜின்எக்ஸ் வேர்ஷன் ஸ்கிரிப்ட்டில் மட்டும் வராதது ஏன்?

கொக்குவில் ஒஃபிஸ் சேர்வரில் என்ஜின்எக்ஸ் (nginx) என்ற வெப் சேர்வர் மென்பொருளின் வேர்ஷனைக் கையால் அடித்துக் கேட்டால் திரையில் வருகிறது, ஸ்கிரிப்ட்டில் வேரியபிள் வெறுமையாகக் கிடக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். என்ஜின்எக்ஸ் அந்த வரியை வழமையான அவுட்புட்டில் எழுதாது. எரர் வரும் வழியில்தான் எழுதும். ஸ்கிரிப்ட் பிடிப்பது முதலாவதை மட்டும். கட்டளையின் முடிவில் 2>&1 போட்டுப் பாருங்கோ, எரர் வழியும் வழமையான அவுட்புட்டோடு சேர்ந்து வந்துவிடும். ஜாவாவிடமும் ஒற்றைக் கோட்டோடு (-version) வேர்ஷன் கேட்டால் இதே குழப்படிதான். அப்பாச்சி (Apache) வெப் சேர்வர் ஒழுங்கான பிள்ளை, வழமையான அவுட்புட்டிலேயே எழுதும்.

மற்றது, குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானாக ஓட்டும் க்ரொனில் (cron) ஓட விடுவதென்றால் கட்டளையின் முழுப் பாதையையும் எழுதுங்கள். என்ஜின்எக்ஸ் வழமையாக இருக்கும் எஸ்பின் (sbin) ஃபோல்டரை அது பெரும்பாலும் தேடாது. வேர்ஷன்களை வெறும் எழுத்தாக ஒப்பிடவும் வேண்டாம், 1.18ஐ விட 1.9 புதிது என்று பிழையாகச் சொல்லிவிடும். லினக்ஸ் சோர்ட் கட்டளைக்குப் பெரிய வி (-V) கொடுத்தால் சரியாக அடுக்கும்.