மண் மாதிரி கொடுத்தால் நிலத்தின் மீதுள்ள அதிகாரம் போய்விடுமா?

கேள்வி: நான் சிறு விவசாயிகள் கூட்டமைப்பு ஒன்றின் செயலாளர். விஞ்ஞானம் படித்தவள் இல்லை. மண்வளக் கொள்கைக்கான பன்னாட்டுக் கூட்டாய்வு என்று சொல்லி, வெளிநாட்டு ஆய்வு நிறுவனம் ஒன்று எங்கள் உறுப்பினர்களின் நிலங்களிலிருந்து 600 மண் மாதிரிகள் கேட்கிறது. ஒப்பந்தம் 14 பக்கம். இதற்கிடையில் ஓர் ஆலோசகர் வந்து, ‘ஐ.நா. மண் சான்றிதழ் இல்லாமல் இதில் சேர முடியாது. நான் வாங்கித் தருகிறேன், முன்பணம் கட்டுங்கள்’ என்கிறார். கையெழுத்துப் போட்டால் எப்படி உழ வேண்டும், என்ன உரம் போட வேண்டும் என்று நாளை வெளியிலிருந்து உத்தரவு வருமோ என்று உறுப்பினர்கள் பயப்படுகிறார்கள். சேரலாமா?

பதில்: சேரலாம். வெளியிலிருந்து உத்தரவு வரும் என்ற பயம் வேண்டாம். மண்வளம் பற்றி உலக நாடுகள் கூடி எழுதியவற்றில் முக்கியமானவை இரண்டு. ஒன்று, உலக மண் சாசனம். ஐ.நா. உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு 1981இல் ஏற்று, 2015இல் திருத்தியது. மற்றொன்று, 2016இல் வந்த நிலைத்த மண் மேலாண்மைக்கான தன்னார்வ வழிகாட்டுதல்கள். பெயரிலேயே ‘தன்னார்வ’ என்று இருக்கிறது. இதைக் கையில் வைத்துக்கொண்டு யாரும் உங்கள் வரப்பில் வந்து நின்று கணக்குக் கேட்க முடியாது. 2012இல் அமைந்த உலக மண் கூட்டாண்மையும், அதற்கு ஆலோசனை சொல்லும் 27 பேர் கொண்ட நிபுணர் குழுவும் பரிந்துரைதான் செய்கின்றன. உங்களைக் கட்டுப்படுத்துபவை உங்கள் நாட்டுச் சட்டமும், நீங்களே கையெழுத்திடும் ஒப்பந்தமும்தான்.

அதனால் அந்த 14 பக்கத்தையும் யாரையாவது உட்கார வைத்து வரிவரியாகப் படிக்கச் சொல்லுங்கள். ‘இத்தனை ஆண்டுகளுக்கு உழவு முறையை மாற்றக் கூடாது’ என்ற பொருளில் ஏதாவது இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். அது கார்பன் கிரெடிட் ஒப்பந்தத்தில், அதாவது மண்ணில் சேரும் கரிமத்தைக் கணக்குப் போட்டு விற்கும் ஒப்பந்தத்தில், வரும் வரி. ஆய்வுக்கு மண் கேட்பவருக்கு அது தேவையில்லை. அடித்துவிட்டுத் திருப்பி அனுப்புங்கள்.

அடுத்து அந்த ஆலோசகர். எனக்கு வரும் கடிதங்களில் பாதியில் இப்படி ஒருவர் இருக்கிறார். ஆள் மாறுகிறார், பேச்சு மாறுவதில்லை. கூட்டாய்வில் சேர விவசாயிகள் ஐ.நா.விடம் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. அவர் வாயில் ‘குளோசோலான்’ என்ற பெயர் வந்திருக்கும். அது உலக மண் கூட்டாண்மை 2017இல் தொடங்கிய மண் ஆய்வுக்கூடங்களின் வலைப்பின்னல். ஒரே மண்ணை எந்த நாட்டில் சோதித்தாலும் ஒரே விடை வர வேண்டும் என்பதற்காக எல்லோருக்கும் பொதுவான செய்முறைகளை எழுதிக் கொடுக்கும் நல்ல முயற்சி. அதில் சேர ஆய்வுக்கூடங்கள் கட்டணம் கட்ட வேண்டியதில்லை. சேர்ந்திருப்பது தரச் சான்றிதழும் ஆகாது. இலவசமாகத் திறந்து கிடக்கும் கதவுக்குச் சாவி விற்கிறார் அவர். ஒரு காசும் கொடுக்காதீர்கள்.

தரத்தைக் காட்டும் அங்கீகாரம் ஒன்று உண்டு. ஐஎஸ்ஓ 17025 என்பார்கள். அது ஆய்வுக்கூடத்துக்கு உரியது, விவசாயிக்கு அல்ல. அதிலும் சுவரில் மாட்டிய முதல் பக்கத்தைப் பார்த்து நம்பிவிடாதீர்கள். எந்தெந்தச் சோதனைக்கு அங்கீகாரம் என்ற பட்டியல் பின்னால் இணைப்பாக இருக்கும். தண்ணீர்ச் சோதனைக்கு வாங்கிய அங்கீகாரத்தைக் காட்டி மண் வாங்கும் இடங்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த இணைப்பில் மண்ணின் அங்ககக் கரிமம் (மட்கிய செடி, உயிர்ப் பொருள்களிலிருந்து மண்ணில் தங்கும் கார்பன்) என்று தனியாக எழுதியிருக்கிறதா என்று கேளுங்கள்.

நிலம் எங்கும் போகாது. கைவிட்டுப் போகக்கூடியது எண்கள். உங்கள் மண்ணைப் பற்றி இந்த ஆய்வு எழுதி வைக்கப்போகும் எண்கள் அரசுக் கொள்கைக்குப் போகும், உலக வரைபடத்துக்குப் போகும், பின்னால் வருபவர்கள் அதைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். 2017 டிசம்பர் 5 அன்று வெளியான உலக மண் கரிம வரைபடம் அந்தந்த நாட்டு நிபுணர்கள் கொடுத்த கணக்கை ஒட்டவைத்துச் செய்யப்பட்டது. கொடுக்காத நாடுகளின் இடத்தை வேறு தரவுகளைக் கொண்டு நிரப்பினார்கள். நாம் சொல்லாவிட்டால் நமக்காக வேறொருவர் சொல்லிவிடுவார். சேருங்கள் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான்.

எண் எப்படித் தவறும் என்பதை ஒரு சின்னக் கணக்கில் பாருங்கள். ஒரு ஹெக்டேர் நிலம், 30 செ.மீ. ஆழம். அந்த மண்ணின் கன அளவு 3,000 கன மீட்டர். ஒரு கன மீட்டர் மண் 1.3 டன் என்றால் மொத்தம் 3,900 டன். அதில் கரிமம் 1 சதவீதம் என்றால் 39 டன். இதே மண்ணை 1934இல் வந்த வாக்லி-பிளாக் முறையில், அதாவது அமிலமும் டைகுரோமேட்டும் ஊற்றிச் சோதித்தால், அது கரிமத்தில் ஏறக்குறைய 77 சதவீதத்தைத்தான் பிடிக்கும். மீதியைச் சேர்க்க விடையை 1.3ஆல் பெருக்க வேண்டும். பெருக்க மறந்தால் 39 டன் 30 டன் ஆகிவிடும். இன்று ஒருவர் பெருக்காமல் 30 என்று எழுதுகிறார். ஐந்தாண்டு கழித்து இன்னொருவர் உலையில் எரித்து அளக்கும் கருவியில் 39 என்று எழுதுகிறார். மண்ணில் ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் காகிதத்தில் ஹெக்டேருக்கு 9 டன் கரிமம், கரியமில வாயுக் கணக்கில் 33 டன், ‘கூடிவிட்டது’. வரிசை மாறினால் அதே அளவு ‘குறைந்துவிட்டது’. அப்போது பழி உங்கள் உறுப்பினர்கள் மேல் விழும். இந்த 33 டன்னை விற்றுக் காசாக்க ஒருவர் காத்திருப்பார் என்பதையும் மறக்காதீர்கள். இரண்டையும் நடக்கவிடாமல் இருக்க, எந்த முறையில் சோதித்தார்கள், எதனால் பெருக்கினார்கள், எந்த ஆழம், கன மீட்டருக்கு எவ்வளவு எடை என்ற நான்கும் ஒவ்வொரு முடிவின் பக்கத்திலும் எழுதப்பட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் கேளுங்கள். உங்களுக்கு அது புரிய வேண்டிய அவசியம்கூட இல்லை; எழுதியிருந்தால் போதும், புரிந்தவர் பிறகு வந்து படிப்பார்.

ஒவ்வொரு மாதிரியிலும் பாதி உங்களிடம் இருக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். நிழலில் காயவைத்து, கட்டி உடைத்து, சலித்து, நன்றாகக் கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பங்குகளைச் சேர்த்தால் இரண்டு பாதியும் ஒரே மாதிரி இருக்கும். ஒன்று அவர்களுக்கு, ஒன்று மூடி போட்ட டப்பாவில் உங்களுக்கு. சீட்டைப் பென்சிலால் எழுதி ஒன்றை உள்ளே போடுங்கள், ஒன்றை வெளியே ஒட்டுங்கள். சில பேனா மைகள் ஈரத்தில் கரைந்துபோகும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓர் ஆய்வுக்கூடத்தின் நடைபாதையில் பிளாஸ்டிக் பைகள் மூன்று வாரமாக ஈரத்தோடு கட்டிக் கிடந்தன. திறந்தபோது பையின் உள்பக்கம் பூஞ்சை, சீட்டில் நீலக் கறை மட்டும். எது யாருடைய மண் என்று தெரியவில்லை. அத்தனையையும் கொட்டினோம். அந்த விவசாயிகளுக்குக் கடைசிவரை யாரும் தகவல் சொல்லவில்லை. அந்த வெட்கம் எனக்கு இன்னும் இருக்கிறது.

பாதி மண்ணை வைத்து என்ன செய்வது என்று உறுப்பினர்கள் கேட்பார்கள். இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் 1843இல் தொடங்கிய வயல் சோதனைகளின் மண்ணும் பயிரும் இன்னும் பத்திரமாக இருக்கின்றன. எடுத்து வைத்தவர்கள் கேள்விப்பட்டே இராத கருவிகளைக் கொண்டு பின்னால் வந்தவர்கள் அவற்றைச் சோதித்தார்கள். நாளை ஒரு எண்ணில் தகராறு வந்தால் உங்களுக்கு இருக்கும் ஒரே சாட்சி அந்த டப்பாதான்.

மண்ணை எல்லை தாண்டி அனுப்புவதில் ஒரு எச்சரிக்கை. மண்ணோடு நூற்புழுவும் பூஞ்சையும் போகும் என்பதால் பெரும்பாலான நாடுகள் இறக்குமதி அனுமதி கேட்கின்றன. அதை வாங்க வேண்டியவர் பெறும் நிறுவனம். ‘சும்மா மணல் என்று எழுதிவிடலாம்’ என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அனுப்புநர் என்ற இடத்தில் உங்கள் பெயர்தான் இருக்கும்.

இன்னொன்றை நிதானமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2010இல் ஏற்கப்பட்டு 2014 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த நகோயா நெறிமுறை என்ற பன்னாட்டு உடன்படிக்கை, ஒரு நாட்டின் மரபு வளத்தை (செடி, விலங்கு, நுண்ணுயிர் ஆகியவற்றின் மரபணுப் பொருளை) பயன்படுத்துபவர் முன் அனுமதி பெற்று, பலனைப் பகிர வேண்டும் என்கிறது. மண்ணில் கரிமமும் அமிலத்தன்மையும் மட்டும் அளந்தால் அது மரபு வளத்தைப் பயன்படுத்துவது ஆகாது; இந்தப் பேச்சே எழாது. ஆனால் அதே பையிலிருந்து நுண்ணுயிரின் டிஎன்ஏவை எடுத்து ஆராய்ந்தால் எழும். கரிமத்துக்கு என்று வாங்கிப்போன மண் குளிர்பெட்டியில் கிடக்கும். இரண்டு வருடம் கழித்து அங்கே புதிதாகச் சேர்ந்த மாணவர், யாருக்கும் கெட்ட எண்ணமே இல்லாமல், அதில் டிஎன்ஏ எடுப்பார். அன்றைக்கு உங்களைக் கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றாது. எடுத்ததும் அது கணினியில் எழுத்து வரிசையாக மாறி உலகமெங்கும் போய்விடும். அப்படிப் போன வரிசைகளிலிருந்து வரும் பலனை எப்படிப் பகிர்வது என்று நாடுகள் பல ஆண்டுகள் பேசி, 2024இல் கொலம்பியாவின் காலி நகரில்தான் ஒரு பொது நிதியை நடைமுறைக்குக் கொண்டுவர ஒப்புக்கொண்டன. அதில் பணம் போடுவதும் நிறுவனங்களின் விருப்பமே. ஆகவே அதை நம்பி உட்கார வேண்டாம். ‘இந்த மண் பின்வரும் சோதனைகளுக்கு மட்டும்; உயிரியல் ஆய்வுக்குத் தனி எழுத்து அனுமதி தேவை; வேலை முடிந்ததும் மீதியை அழிக்க வேண்டும் அல்லது திருப்பித் தர வேண்டும்’ என்று மூன்று வரி சேருங்கள். சில நாடுகள் நெறிமுறையில் சேரவே இல்லை. அப்படிப்பட்ட நாட்டு நிறுவனம் என்றால் இந்த மூன்று வரிகள்தான் உங்களுக்கு முதல் பாதுகாப்பு.

நிலத்தின் ஜிபிஎஸ் புள்ளியும் உரிமையாளர் பெயரும் ஒரே அட்டவணையில் இருக்கக் கூடாது. ஆய்வுக்குப் பெயர் தேவையில்லை. வரைபடத்துக்கு ஒரு கிலோமீட்டர் துல்லியமே போதும்; உலக வரைபடமே அந்த அளவில்தான் போட்டார்கள்.

கடைசியாக, முடிவுகள் உங்களுக்குத் திரும்பி வர வேண்டும். இத்தனை ஆண்டுகளாகப் பன்னாட்டு அரங்குகளில் தீர்மானம் போடுகிறோம், டிசம்பர் 5 வந்தால் உலக மண் தினம் கொண்டாடுகிறோம். மண் எடுத்துப்போனவர் திரும்பி வந்து, அந்த நிலத்துக்காரரின் மொழியில், அவர் மண்ணில் என்ன இருக்கிறது என்று சொன்னதை நான் ஐந்தாறு தடவைக்கு மேல் பார்த்ததில்லை. கட்டுரை வெளிவந்தால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். நிதி கொடுப்பவரும் கட்டுரையைத்தான் எண்ணுகிறார். எத்தனை பேருக்கு முடிவு போய்ச் சேர்ந்தது என்று கேட்பவர் இல்லை. இது மாற வேண்டும், உங்களைப் போன்றவர்கள் கேட்டால்தான் மாறும். மாதிரி எடுத்த ஓராண்டுக்குள், ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு பக்கம், உங்கள் மொழியில் என்று எழுதி வாங்குங்கள்.

அந்த நிறுவனத்துக்கு இன்றே பதில் போடுங்கள். 600 பையும் ஒரே நேரத்தில் வேண்டாம், முதலில் 30 அனுப்புகிறோம் என்று சொல்லுங்கள். அந்த முப்பதின் மறு பாதியிலிருந்து கொஞ்சம் எடுத்து உங்கள் நாட்டு ஆய்வுக்கூடம் ஒன்றில் நீங்களே சோதிக்கக் கொடுங்கள். எந்தப் பை யாருடையது என்ற பட்டியல் உங்கள் அலமாரியில் இருக்கட்டும். இரண்டு இடத்து எண்களும் பக்கத்தில் பக்கத்தில் வந்து, வித்தியாசம் எதனால் என்று அவர்கள் விளக்கிய பிறகு மீதி 570ஐப் பற்றிப் பேசுங்கள். நேர்மையான ஆய்வாளர் இதற்குச் சந்தோஷமாக ஒப்புக்கொள்வார்.