ஆமணக்கு எண்ணெயில் இரண்டு குண்டுகளைச் சேர்த்துப் போட்டால் ஏன் வேகமாக இறங்குகின்றன?

இரண்டு எஃகு குண்டுகளைச் சேர்த்து விட்டபோது ஒற்றைக் குண்டைவிடச் சீக்கிரம் இறங்கின, கடிகாரம்தான் தப்போ என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கடிகாரம் சரியாகத்தான் ஓடியிருக்கிறது. மேல்நிலை வகுப்பில், எண்ணெயில் குண்டு இறங்கும் வேகத்தை வைத்துப் பாகியல் எண் (திரவம் எவ்வளவு கெட்டி என்பதைச் சொல்லும் அளவு) காணும் ஸ்டோக்ஸ் முறைச் சோதனையில் நானும் இதே கூத்தை நடத்தியிருக்கிறேன். உயரமான ஜாடி நிறைய ஆமணக்கு எண்ணெய், தூரத்தைக் குறிக்க வெளியே இரண்டு ரப்பர் வளையங்கள். 2 மில்லிமீட்டர் எஃகு குண்டு நொடிக்கு ஏறத்தாழ 2 சென்டிமீட்டர்தான் இறங்கும். பார்த்துக்கொண்டே நின்றால் தூக்கம் வரும். மணி அடிப்பதற்குள் முடிக்கலாம் என்று இரண்டு குண்டுகளை ஒரே இடுக்கியில் பிடித்து விட்டோம். நேரம் கால் பங்குக்கு மேல் குறைந்துவிட்டது. பாகியல் எண்ணும் அதற்கேற்பத் தப்பாக வந்தது.

இறங்கும் வேகத்துக்கு 1851-இல் இயற்பியலாளர் ஸ்டோக்ஸ் தந்த சூத்திரம், எல்லையில்லாத திரவத்தில் தன்னந்தனியாக விழும் குண்டுக்கானது. கெட்டியான திரவத்தில் அந்தத் தனிமை எளிதில் கிடைப்பதில்லை. இறங்கும் குண்டு சுற்றியுள்ள எண்ணெயையும் இழுத்துக்கொண்டு போகிறது. அந்த இழுப்பு தூரத்தின் தலைகீழ் விகிதத்தில்தான் குறைகிறது. அதாவது மிக மெதுவாக. அகன்ற தொட்டியில், குண்டுக்கு நேர் கீழே பத்து ஆரம் தள்ளியிருக்கும் எண்ணெய்கூடக் குண்டின் வேகத்தில் சுமார் 15 சதவீதத்தில் கீழ்நோக்கி நகரும். பக்கத்துக் குண்டு ஏற்கெனவே இறங்கிக்கொண்டிருக்கும் எண்ணெயில் விழுவதால் அதன் வேகம் கூடுகிறது. ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி விழுந்தால் வேகம் ஒன்றரை மடங்கைத் தாண்டும்.

லாரிக்குப் பின்னால் சைக்கிள் ஓட்டும் பையனை இதற்கு உவமை சொல்வார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. அங்கே லாபம் பையனுக்கு மட்டும்தான். இங்கே முன்னால் போகும் குண்டுக்கும் அதே லாபம் கிடைக்கிறது, ஏனென்றால் இவ்வளவு மெதுவான ஓட்டத்தில் குண்டுக்கு முன்னும் பின்னும் எண்ணெய் ஒரே மாதிரி நகர்கிறது. அதனால் ஒரே அளவுள்ள இரண்டு குண்டுகளில் பின்னது முன்னதைப் பிடிப்பதே இல்லை. இடைவெளி மாறாமல் இரண்டும் இறங்கும். தண்ணீரில் இதே குண்டுகளை விட்டால் பின்னது துரத்திப் போய் இடிக்கும்.

ஜாடியின் சுவர் செய்வது நேர்மாறு. ஜாடியின் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு விட்டமுள்ள குண்டு, நட்டநடுவில் விழுந்தாலும் ஐந்தில் ஒரு பங்கு வேகத்தை இழக்கும். ஆகவே அகலமான ஜாடியை எடுத்து, முதல் குண்டு அடியில் உட்கார்ந்த பிறகே அடுத்ததை விடுங்கள். விடும் முன் குண்டை எண்ணெயில் நனைத்துவிடுங்கள். இல்லையென்றால் காற்றுக் குமிழி ஒட்டிக்கொண்டு கணக்கைக் கெடுக்கும்.

"அப்படியானால் ஒரு பிடி குண்டுகளைப் போட்டால் இன்னும் வேகமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரே கொத்தாக அகன்ற தொட்டியில் விழுந்தால், ஆமாம். ஜாடி முழுக்கச் சீராகப் பரவியிருந்தால் கதை வேறு: அவை இறங்க இறங்க எண்ணெய் இடுக்குகள் வழியே மேலே ஏறியாக வேண்டும். பருமனில் 1 சதவீதம் துகள் இருந்தாலே சராசரி வேகம் 6 சதவீதத்துக்கு மேல் குறையும்.