வாசகர் கேள்வி பதில்: பைபிள் பிளான் பாதியில நின்னுடுதே அக்கா!

கேள்வி: அக்கா, ஒவ்வொரு ஜனவரி ஒண்ணாந்தேதியும் இந்த வருஷம் பைபிள முழுசா படிச்சிடணும்னு பிளான் போடுறேன். லேவியராகமம் வந்ததும் நின்னுடுது. அப்புறம் அந்த குற்ற உணர்ச்சியிலயே பைபிள தொடவே மனசு வரமாட்டேங்குது. எனக்கு விசுவாசம் கம்மியோ?

பதில்: இல்லம்மா, முதல்ல அந்த நினைப்ப விடுங்க. கணக்க பாருங்க, 66 புஸ்தகத்துலயும் சேர்த்து 1189 அதிகாரம், ஒரு வருஷத்துல முடிக்கணும்னா தினமும் மூணு அதிகாரத்துக்கு மேல படிக்கணும். ஆதியாகமம் 50, யாத்திராகமம் 40, கதையா இருக்கறதால ஜனவரி மாசம் ஓடிடுது, மாசக் கடைசியில லேவியராகமம் வந்து பலியும் சட்டமுமா வர்றப்ப பலபேர் அங்கதான் நிக்கறாங்க, நீங்க மட்டும் இல்ல. விட்டத பிடிக்கணும்னு ஒரே நாள்ல பத்து அதிகாரம் ஓட்டாதீங்க, அதுல ஒரு வார்த்தை கூட உள்ள தங்காது.

பிளான கொஞ்ச நாளைக்கு மூடி வெச்சிட்டு மாற்கு சுவிசேஷத்த எடுங்க. 16 அதிகாரம்தான். ஒரு நாளைக்கு ஒரு சம்பவம் போதும், ஆனா அத ரெண்டு தடவ படிங்க, முடிஞ்சா வாய்விட்டு. உதாரணத்துக்கு முதல் அதிகாரம் 32ல இருந்து 38 வரைக்கும் பாருங்களேன். சாயங்காலம் ஊர் முழுக்க வீட்டு வாசல்ல வந்து நிக்குது, இயேசு நிறைய பேர சொஸ்தமாக்குறார். அடுத்த நாள் விடியறதுக்கு முன்னாடி இருட்டோட எழுந்து தனியா போய் ஜெபம் பண்றார். பேதுருவும் மத்தவங்களும் தேடிக் கண்டுபிடிச்சு, எல்லாரும் உம்மைத் தேடுறாங்கன்னு சொல்றாங்க. நம்மள அப்படி சொன்னா உடனே திரும்பி ஓடுவோம் இல்ல? அவர் ஓடல, அடுத்த ஊர்களுக்குப் போவோம், அங்கயும் பிரசங்கம் பண்ணணும், அதுக்குத்தான் வந்தேன்னு சொல்றார். இத்தன பேர் கூப்பிடறப்பவும் தான் எங்க போகணும்னு அவருக்குத் தெளிவா தெரிஞ்சிருக்கு, அந்தத் தெளிவு அந்தத் தனிமை ஜெபத்துல வந்ததுன்னுதான் நான் நம்புறேன். இப்ப உங்களயே கேளுங்க, இன்னிக்கு என்னை யாரெல்லாம் கூப்பிடறாங்க, அதுல நான் போக வேண்டியது எது? அந்த ஒரு கேள்வியோட ஆபீஸ் போனாலே அன்னிக்கு வேதம் படிச்சதுக்கு அர்த்தம் இருக்கு. லேவியராகமத்துக்கு அப்புறமா வரலாம், புதிய ஏற்பாட்டுல இருக்கற எபிரெயர் நிருபத்த கூட வெச்சுப் படிச்சீங்கன்னா அந்த பலி எல்லாம் இயேசுவோட சிலுவைப் பலியில போய் சேருதுன்னு புரியும்.

கேள்வி: ஜெபம் பண்ண உக்காந்தா அஞ்சு நிமிஷத்துல மனசு எங்கயோ போயிடுது. மத்தவங்க கண்ணீரோட ஜெபிக்கறாங்க, எனக்கு ஒண்ணுமே தோணல. கர்த்தர் என்னை விட்டுட்டாரா அக்கா?

பதில்: விடல தம்பி. உணர்ச்சி வந்தாதான் ஜெபம்னு யார் சொன்னா? இந்தக் கேள்விய கர்த்தர்கிட்டயே கேட்டவர் தாவீது. 13ம் சங்கீதம் எடுத்துப் பாருங்க, ஆறே வசனம். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்"னு நேரா சண்டை மாதிரி ஆரம்பிக்குது, முதல் ரெண்டு வசனமும் புலம்பல், அடுத்த ரெண்டு வசனம் என்னைப் பாரும், பதில் சொல்லும்னு கெஞ்சல், கடைசியிலதான் உம்முடைய கிருபைய நம்பியிருக்கேன்னு வருது. 88ம் சங்கீதத்துல அது கூட இல்ல, இருட்டுலயே முடியுது, அதயும் வேதத்துல வெச்சிருக்காங்க பாருங்க, எனக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் தெரியுமா. அதனால சொந்த வார்த்தை வராத நாள்ல சங்கீதத்த கடன் வாங்கி ஜெபம் பண்ணுங்க, ஒரு வசனம் படிங்க, நிறுத்துங்க, அதுக்கு உங்க வாழ்க்கையில இருந்து ஒரு வரி சேத்து சொல்லுங்க, அப்புறம் அடுத்த வசனம். அதுவும் முடியலன்னா இயேசு சொல்லிக்கொடுத்த பரமண்டல ஜெபம் இருக்கே. ஆதி சபையில புழங்கின டிடாக்கேங்கற கையேடு அத ஒரு நாளைக்கு மூணு தடவ ஜெபிக்கச் சொல்லுது, அவங்களுக்கும் எல்லா நாளும் கண்ணீர் வந்திருக்காது.

மனசு அலையறதுக்கு ஒரு வழி, எதப்பத்தி அலையுதோ அதயே ஜெபமாக்கிடுங்க. லோன் ஞாபகம் வந்தா லோனுக்காக, சண்டை போட்ட நண்பன் ஞாபகம் வந்தா அவனுக்காக. மொபைல மட்டும் வேற ரூம்ல வெச்சிடுங்க, இதுல நான் சமரசமே பண்ண மாட்டேன்.

கேள்வி: எனக்கு சுகர் இருக்கு, இன்சுலின் போடுறேன். சபையில எல்லாரும் உபவாசம் இருக்கறப்ப நான் மட்டும் சாப்பிடறது பாவமா?

பதில்: பாவம் இல்லவே இல்லம்மா. இன்சுலின் போட்டுட்டு சாப்பாட்ட விட்டா சுகர் ரொம்ப இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம், டாக்டர் கிட்ட கேக்காம உபவாசம் இருக்கவே இருக்காதீங்க. அன்னிக்கு டிவியோ போனோ விடுங்க, அந்த நேரத்த ஜெபத்துக்குக் கொடுங்க. ஏசாயா 58ல கர்த்தர் தனக்குப் பிடிச்ச உபவாசம் எதுன்னு சொல்றப்ப பசியா இருக்கறவனுக்கு உன் சாப்பாட்ட பகிர்ந்து கொடுன்னுதான் சொல்றார், அத நீங்க தாராளமா செய்யலாம்.

கேள்வி: நாள் தவறாம காலையில ஜெபம் பண்றேன், ஞாயிற்றுக்கிழமை ஆராதனைய விட்டதே இல்ல. ஆனா வீட்ல என் கோவம் குறையவே இல்ல. போன வாரம் என் பையன் கேட்டுட்டான், "இவ்வளவு ஜெபம் பண்ணியும் நீங்க ஏம்மா இப்படி கத்துறீங்க"ன்னு. அதுல இருந்து ஜெபம் பண்ணவே கூச்சமா இருக்கு.

பதில்: இந்த லெட்டர படிச்சிட்டு ரொம்ப நேரம் உங்களுக்காக ஜெபம் பண்ணேன் சகோதரி. கூச்சப்பட்டு ஜெபத்த நிறுத்திடாதீங்க, ஆனா பையன் கேட்டதுல நியாயம் இருக்கு, அதயும் ஒதுக்கிடாதீங்க. காலையில நீங்க கர்த்தர்கிட்ட பேசறீங்க, ராத்திரி அந்த நாளத் திரும்பிப் பாக்கறீங்களா? அதுதான் விட்டுப்போயிருக்குன்னு எனக்குத் தோணுது. 16ம் நூற்றாண்டுல, இயேசு சபைங்கற கத்தோலிக்கத் துறவற சபைய ஆரம்பிச்ச இக்னேஷியஸ் லொயோலா இதயே ஒரு பயிற்சியா சொல்லிக்கொடுத்தார், கத்தோலிக்கர் மட்டும் இல்ல, மத்த சபைக்காரங்களும் இன்னிக்கு செய்யறாங்க. படுக்கறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம். முதல்ல அன்னிக்கு கிடைச்ச நன்மைக்கு நன்றி, அப்புறம் 139ம் சங்கீதத்துல வர்ற மாதிரி "தேவனே, என்னை ஆராய்ந்து"ன்னு கேட்டுட்டு அந்த நாள காலையில இருந்து மெதுவா ஓட்டிப் பாருங்க. எந்த நிமிஷத்துல குரல் ஏறிச்சு, அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு? பசியா, அசதியா, யாரோ சொன்ன ஒரு வார்த்தையா? சும்மா "கோவத்த மன்னியும்"னு மொத்தமா சொல்றத விட, ஸ்கூல் பேக் சிதறிக் கிடந்ததுக்கு பிள்ளைய அவமானப்படுத்தினேன் ஆண்டவரேன்னு உள்ளத உள்ளபடி சொல்லுங்க. நாளைக்கு அதே நேரம் வர்றப்ப என்ன செய்யப் போறேன்னும் அவர்கிட்டயே சொல்லிட்டுப் படுங்க. ஒரே வாரத்துல மாறாது, பழைய பழக்கம் இல்லயா, ஆனா கத்தறதுக்கு முன்னாடியே ஒரு நாள் உங்களுக்குத் தெரிய ஆரம்பிக்கும்.

அதுக்கும் முன்னாடி ஒரு வேலை இருக்கு. மத்தேயு 5ல இயேசு, உன் மேல சகோதரனுக்குக் குறை இருக்குன்னு பலிபீடத்துகிட்ட ஞாபகம் வந்தா காணிக்கைய அங்கயே வெச்சிட்டுப் போய் முதல்ல ஒப்புரவாகுன்னு சொல்றார். அதனால நாளைக்கு காலையில ஜெபத்துல உக்காரறதுக்கு முன்னாடி பையன்கிட்ட போங்க. "நீ கேட்டது சரிதான்பா, அம்மாவ மன்னிச்சிடு"ன்னு சொல்லுங்க, ஆனா நீயும் பேக்க ஒழுங்கா வெச்சிருக்கலாம்னு பின்னாடியே சேத்துடாதீங்க, அத இன்னொரு நாள் பேசிக்கலாம். அவன் விருப்பப்பட்டா அன்னிக்கு உங்களுக்காக அவனையே ஒரு வரி ஜெபம் பண்ணச் சொல்லுங்க.