ஜிபிஎஸ் கடிகாரம் இருக்கட்டும், முதலில் ஸ்விட்சைப் பாருங்கள்

கேள்வி: ஓசூரில் ஒரு பேக்கிங் தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறேன். எங்கள் லைனில் நான்கு கேமரா, இரண்டு லினக்ஸ் கணினி, ஒரு பிஎல்சி (இயந்திரங்களை இயக்கும் கட்டுப்பாட்டுக் கருவி). கன்வேயர் வேகம் நொடிக்கு ஒரு மீட்டர். எது முதலில் நடந்தது என்பது லாகில் (நிகழ்வுப் பதிவில்) மாறி மாறிப் பதிவாகிறது. நெட்வொர்க் வழியாகக் கருவிகளின் கடிகாரங்களை ஒத்துப்போக வைக்கும் முறையான பிடிபிக்கு ஏற்றது என்று, கருவிகளை இணைக்கும் 'பிடிபி ஸ்விட்ச்' ஒன்றை வாங்கிப் போட்ட பிறகும் நேர வித்தியாசம் சில சமயம் 100 மைக்ரோசெகண்ட் வரை குதிக்கிறது. ஒரு கணினி 37 நொடி முந்தி ஓடுகிறது. ஜிபிஎஸ் மாஸ்டர் கடிகாரம் வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் சப்ளையர். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். ஜிபிஎஸ் வெளியுலக நேரத்தை உள்ளே கொண்டுவரும், அவ்வளவுதான். உங்களுக்கு வேண்டியது லைனில் உள்ள கருவிகள் தங்களுக்குள் ஒத்துப்போவது. எல்லாமே சேர்ந்து மூன்று நிமிடம் தப்பாக ஓடினாலும் எந்தக் கேமரா முதலில் பார்த்தது என்பது சரியாகத்தான் தெரியும். துணை மின்நிலையம், 5ஜி டவர் என்று ஊர்விட்டு ஊர் ஒத்துப்போக வேண்டிய இடங்களின் கதை வேறு.

அந்த 100 மைக்ரோசெகண்டில் உங்கள் பெட்டி நகரும் தூரம் 0.1 மில்லிமீட்டர். வரிசை தலைகீழாவதற்கு அது காரணமாக இருக்காது. ஆனாலும் அந்தக் குதிப்பு ஒரு உண்மையைச் சொல்கிறது: உங்களிடம் விற்றது பெயருக்குத்தான் பிடிபி ஸ்விட்ச். வன்பொருளிலேயே நேரம் குறிக்கும் ஒழுங்கான அமைப்பில் வித்தியாசம் ஒரு மைக்ரோசெகண்டுக்குள் நிற்கும்.

தொழிலாளி கேட்டிலேயே கார்டு குத்துவதற்கும், சூப்பர்வைசர் சாயங்காலம் ஞாபகமாக நோட்டில் எழுதுவதற்கும் உள்ள வித்தியாசம்தான் வன்பொருள் நேரக்குறிக்கும் மென்பொருள் நேரக்குறிக்கும். நெட்வொர்க்கில் போகும் தரவுப் பாக்கெட் கம்பியைத் தொடும் இடத்தில் நெட்வொர்க் சிப்பே நேரத்தைக் குறிக்க வேண்டும். லினக்ஸில் ஈதர்டூல் கட்டளைக்குப் பெரிய 'டி' கொடுத்து, அந்த லேன் போர்ட்டின் பெயரைப் போடுங்கள். ஹார்டுவேர் டிரான்ஸ்மிட், ஹார்டுவேர் ரிசீவ் என்ற வரிகளும், பிடிபி ஹார்டுவேர் கிளாக் என்பதற்கு எதிரே ஒரு எண்ணும் வர வேண்டும். 'நன்' (none, அதாவது எதுவும் இல்லை) என்று வந்தால் அந்த போர்ட் உதவாது. இன்டெல் ஐ210 சிப் உள்ள கார்டு போட்டால் பிரச்சினை இல்லை.

இங்கே ஒரு விதிவிலக்கு, இதில்தான் நிறையப் பேர் மாட்டுகிறார்கள். இரண்டு லேன் போர்ட் உள்ள தொழிற்சாலைக் கணினியில், இரண்டுமே வன்பொருள் நேரம் குறிக்கக்கூடியதாக இருந்தாலும், பெரும்பாலும் ஒவ்வொரு போர்ட்டுக்கும் தனித்தனிக் கடிகாரம். ஒன்றைப் பிடிபி சரிசெய்யும். மற்றது தன்பாட்டுக்கு ஓடும். சாதாரணக் குவார்ட்ஸ் நொடிக்கு 20 மைக்ரோசெகண்ட் விலகினால் ஒரு நாளில் 1.7 நொடி போய்விடும். மாஸ்டர் (லைனுக்கு நேரம் கொடுக்கும் கடிகாரம்) ஒரு போர்ட்டில், கேமரா இன்னொரு போர்ட்டில் என்றால் இரண்டு கடிகாரத்தையும் இணைக்கத் தனியாகக் கட்டளை ஓட்ட வேண்டும். உங்கள் கணினிகள் அப்படியா என்று முதலில் பாருங்கள். ஒரே போர்ட் என்றால் இந்தப் பத்தியை மறந்துவிடலாம்.

இப்போது ஸ்விட்ச். சாதாரண ஸ்விட்ச் பிடிபி பாக்கெட்டைக் கேமரா பாக்கெட்டுகளுக்குப் பின்னால் நிறுத்திவைக்கும். 100 மெகாபிட் போர்ட்டில் முழு அளவுப் பாக்கெட் ஒன்று (ஈதர்நெட் ஃபிரேம்) போக 120 மைக்ரோசெகண்ட் ஆகும், ஜிகாபிட்டில் 12. உங்கள் குதிப்பு கிட்டத்தட்ட அந்த அளவுதானே? டிரான்ஸ்பரன்ட் கிளாக் வகை ஸ்விட்ச், பாக்கெட் உள்ளே காத்திருந்த நேரத்தை அளந்து அதிலேயே எழுதி அனுப்பும். பவுண்டரி கிளாக் வகை தானே நேரம் வாங்கி அடுத்த போர்ட்டுக்குக் கொடுக்கும். இரண்டும் இல்லாமல் பாக்கெட்டைத் தள்ளிவிடுகிற ஸ்விட்சுக்கும் 'ஐஇஇஇ 1588 ஆதரவு' (பிடிபியின் தரநிலை எண்) என்று அச்சடித்து விற்கிறார்கள். பர்ச்சேஸ் ஆட்களுக்கு மூன்று கொட்டேஷனில் குறைந்தது எது என்பதுதான் கணக்கு; நடுவில் இருந்து விற்பவருக்கு அது போதும். சோதிப்பது சுலபம். கேமராக்களை நிறுத்திவிட்டு வித்தியாசத்தைப் பாருங்கள், பிறகு எல்லாவற்றையும் ஓடவிட்டுப் பாருங்கள். ஓடும்போது மட்டும் குதித்தால் ஸ்விட்ச்தான். மெனுவில் அந்த வசதி அணைந்து கிடக்கிறதா என்று பார்த்துவிட்டு, இல்லையென்றால் திருப்பிக் கொடுங்கள்.

37 நொடி விஷயம் பழுதே இல்லை. பிடிபி ஓடுவது அணு நேரத்தில். நாம் பயன்படுத்தும் உலகப் பொது நேரம் 2017 ஜனவரி 1 முதல் அதைவிட 37 நொடி பின்தங்கியிருக்கிறது. நெட்வொர்க் கார்டின் கடிகாரத்தைக் கணினிக் கடிகாரத்துக்குக் கொண்டுபோகும் நிரலில் யாரோ வித்தியாசம் பூஜ்யம் என்று கையால் போட்டிருப்பார்கள். அதை எடுத்துவிட்டு, வித்தியாசத்தைப் பிடிபியிடமே கேட்டுக்கொள்ளும்படி விடுங்கள். இதற்கு யாராவது 'கேலிப்ரேஷன்' கட்டணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

வரிசை மாறுவதற்கு எனக்கு இரண்டு காரணங்கள் மேல் சந்தேகம். ஒன்று, அதே கணினியில் என்டிபியும் (சர்வரிடம் நேரம் கேட்டுக் கணினிக் கடிகாரத்தைத் திருத்தும் பழைய முறை) ஓடுவது. மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-இல் போட்ட உத்தரவு, கணினி நேரத்தை என்ஐசி (தேசிய தகவல் மையம்) அல்லது டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் என்டிபி சர்வரோடு இணைக்கச் சொல்கிறது. அவற்றிலிருந்து நேரம் பெறும் வேறு சர்வரும் போதும் என்றும் அதிலேயே இருக்கிறது. அதை யார் படிக்கிறார்கள்? தணிக்கைக்கு வருபவர் எல்லாக் கணினியிலும் என்டிபி ஓடுகிறதா என்று டிக் அடித்துவிட்டுப் போவார். பிறகு என்டிபி ஒரு பக்கமும் பிடிபி ஒரு பக்கமும் ஒரே கடிகாரத்தை இழுக்கும். மில்லிசெகண்ட் கணக்கில் ஆட்டம் காணும். லைனுக்கு நேரம் கொடுக்கும் மாஸ்டர் கணினியில் மட்டும் என்டிபியை வைத்துக்கொண்டு, மற்றதில் நிறுத்துங்கள்.

இன்னொன்று உங்கள் லாக் நிரல். கேமரா படம் எடுத்த நேரத்தைப் பதிகிறதா, படம் கணினிக்கு வந்து சேர்ந்த நேரத்தையா? வந்து சேர்ந்த நேரம் என்றால் எந்தக் கடிகாரம் வாங்கியும் பயனில்லை. நிரல் எழுதியவரிடம் கேளுங்கள். கேமரா பிடிபி தெரிந்ததாக இருந்தால், படத்தோடு அது அனுப்பும் நேரத்தை எடுத்து எழுதுவது அவருக்குச் சின்ன மாற்றம்தான். இவ்வளவும் செய்த பிறகும் லாக் குழம்பினால் ஒரு நாள் பதிவை அனுப்புங்கள், பார்க்கலாம்.