வாசகர் கேள்வி – பதில்: தீர்க்கதரிசனத்தை நிதானிக்க வேண்டியது யார்?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பகுதி தீர்க்கதரிசன வரத்தைப் பற்றியவை. தேவன் காட்டியதை அறிவிப்பது தீர்க்கதரிசனம்; அது மெய்யா என்று சோதித்துப் பார்ப்பது நிதானித்தல். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒரு கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம். குடும்ப விஷயங்கள் இருப்பதால் பெயர்களை வெளியிடவில்லை.

கேள்வி: அப்போஸ்தலர் காலத்தோடு வரங்கள் நின்றுவிட்டன என்கிறார் என் மாமனார். அவர் பிரதரன் சபை. நான் பெந்தெகொஸ்தே சபையில் வளர்ந்தவள். யார் சொல்வது சரி? – வாசகி, நாகர்கோவில்

பதில்: மாமனாரின் வாதத்தை லேசாக எண்ணாதீர்கள். சபை "அப்போஸ்தலர் தீர்க்கதரிசிகள் என்பவர்களுடைய அஸ்திபாரத்தின்மேல்" கட்டப்பட்டது என்று எபேசியர் 2:20 சொல்கிறது. அஸ்திபாரம் ஒருமுறைதான் போடப்படும் என்பது அவர்கள் நியாயம். பிரின்ஸ்டன் இறையியலாளர் வார்ஃபீல்டு 1918இல் இதை விரிவாக எழுதினார்: அற்புத வரங்கள் அப்போஸ்தலருக்குத் தேவன் கொடுத்த அத்தாட்சி, அவர்களோடு அதன் வேலை முடிந்தது என்று. "நிறைவானது வரும்போது குறைவானது ஒழிந்துபோம்" (1 கொரி. 13:10) என்ற வசனத்தில் வரும் நிறைவு, முழுமையடைந்த வேதாகமமே என்று இந்தத் தரப்பில் பலர் விளக்குவார்கள்.

எங்கள் முடிவு வேறு. இரண்டே வசனம் தள்ளி "முகமுகமாய்ப்" பார்ப்பதைப் பற்றிப் பவுல் பேசுகிறார். அது கர்த்தருடைய வருகை. அதுவரை வரம் உண்டு. ஆனால் எந்தத் தீர்க்கதரிசனமும் வேதத்துக்குச் சமம் ஆகாது. இந்த இரண்டாவது பாதியில் மாமனாரும் நீங்களும் ஒன்றுதான். இன்னொன்றும் அவரிடம் சொல்லலாம். பிரதரன் இயக்கத்தின் முன்னோடிகளில் ஒருவரான அந்தோனி நாரிஸ் குரோவ்ஸோடு ஊழியம் செய்தவர் திருநெல்வேலிச் சீமை அருளப்பன். 1860இல் அவருடைய ஊழியத்தில் எழுந்த எழுப்புதல் என்னும் ஆவிக்குரிய விழிப்பில் தீர்க்கதரிசனமும், கற்காத மொழியில் பேசும் அந்நிய பாஷையும் காணப்பட்டன.

கேள்வி: புத்தாண்டு ஆராதனையில் எடுக்கும் வாக்குத்தத்த அட்டை தீர்க்கதரிசனமா? – வாசகர், திண்டுக்கல்

பதில்: இல்லை. அது வேத வசனம். தியானிக்க எடுத்துக்கொள்ளுங்கள். அட்டையில் வந்ததை வைத்து வீடு வாங்குவதோ வேலையை விடுவதோ வேண்டாம்.

கேள்வி: எங்கள் சபையில் வாரந்தோறும் ஆறேழு பேர் தீர்க்கதரிசனம் சொல்கிறார்கள். ஒன்றுக்கொன்று முரணாகவும் வருகிறது. மூப்பர்களாகிய நாங்கள் என்ன செய்ய வேண்டும்? – மூப்பர் ஒருவர், சேலம்

பதில்: "தீர்க்கதரிசிகள் இரண்டுபேராவது மூன்றுபேராவது பேசலாம், மற்றவர்கள் நிதானிக்கக்கடவர்கள்" (1 கொரி. 14:29). நம் சபைகளில் பலவும் இந்த வசனத்தின் முன்பாதியோடு நின்றுவிடுகின்றன. பேசுவது எவ்வளவு கட்டளையோ, நிதானிப்பதும் அவ்வளவு கட்டளை. நிதானிக்கப்படாத தீர்க்கதரிசனம் பாதியில் நிற்கும் தீர்க்கதரிசனம்; அதன்படி ஒருவரும் நடக்கத் தேவையில்லை.

முதலில் எண்ணிக்கை. ஓர் ஆராதனையில் மூன்று பேருக்கு மேல் வேண்டாம். ஆளுக்கு இரண்டு மூன்று நிமிடம் போதும். மைக் ஆராதனை நடத்துபவர் கையிலேயே இருக்கட்டும். "ஆவியானவர் விடவில்லை, நிறுத்த முடியவில்லை" என்று யாராவது சொன்னால், "தீர்க்கதரிசிகளுடைய ஆவிகள் தீர்க்கதரிசிகளுக்கு அடங்கியிருக்கிறதே" என்ற 32ஆம் வசனத்தை அன்போடு காட்டுங்கள்.

பிறகு, நிதானிக்க மூன்று முதல் ஐந்து பேரை நியமியுங்கள். மூப்பர்கள் மட்டும் போதாது. வேதத்தில் ஊறிய மூத்த சகோதரி ஒருவராவது இருக்க வேண்டும். பெந்தெகொஸ்தே நாளில் குமாரரோடு குமாரத்திகளும் தீர்க்கதரிசனம் சொல்வார்கள் என்று பேதுரு அறிவித்தார், பிலிப்புவின் நான்கு குமாரத்திகளும் சொன்னார்கள். அப்படியிருக்க நிதானிக்கும் இடத்தில் பெண் இல்லாமல் இருப்பது சரியல்ல. பேசியவரும் அவர் குடும்பத்தாரும் அந்த முறை குழுவில் உட்காரக் கூடாது.

சொல்லப்பட்டதை அன்று மாலைக்குள் ஒரு நோட்டில் எழுதுங்கள்: தேதி, சொன்னவர், யாருக்குச் சொன்னார், என்ன வார்த்தைகள். போனில் பதிவு செய்தால் இன்னும் நல்லது. இது சின்ன விஷயமாகத் தோன்றும், ஆனால் குழப்பத்தில் பெரும்பங்கு இங்கேதான் பிறக்கிறது. "தூரதேசத்துக் கதவு திறக்கும்" என்று சொன்னது மூன்று வாரத்தில் "கனடா விசா கிடைக்கும்" என்று ஆகிவிடும். எழுத்தில் இல்லாததை யாராலும் சோதிக்க முடியாது.

எழுதியதை மூன்றாகப் பிரியுங்கள்: அவர் கண்டது அல்லது கேட்டது என்ன, அதற்கு அவர் கொடுத்த பொருள் என்ன, அதனால் என்ன செய்யச் சொன்னார். பிழை பெரும்பாலும் இரண்டாவதிலும் மூன்றாவதிலும்தான் நுழைகிறது. அப்போஸ்தலர் 21ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். அகபு என்ற தீர்க்கதரிசி பவுலின் கச்சையால் தன் கைகால்களைக் கட்டி, எருசலேமில் அவர் இப்படிக் கட்டப்படுவார் என்று சொன்னான். வெளிப்பாடு உண்மை. உடனே கூடியிருந்தவர்கள் "போகவேண்டாம்" என்று மன்றாடினார்கள். அந்த முடிவு அகபு சொன்னதல்ல, அவர்களுடைய பாசம் சொன்னது. பவுல் வெளிப்பாட்டை ஏற்றார், அவர்கள் முடிவை ஏற்கவில்லை. எருசலேமுக்குப் போனார், கட்டப்பட்டார். உங்கள் சபையில் வரும் முரண்களில் பலவும் இப்படிப் பிரித்தாலே தீர்ந்துவிடும்.

அடுத்துக் கேட்க வேண்டியவை: வேதத்துக்கு முரணா? "பக்திவிருத்தியும், புத்தியும், ஆறுதலும்" (14:3) தருகிறதா, அல்லது பயத்தை மட்டும் தருகிறதா? இதனால் பணமோ பதவியோ யாருக்குச் சேர்கிறது? முதல் நூற்றாண்டின் இறுதியையொட்டி எழுந்த திதாகே என்ற சபை ஒழுங்கு நூல் இதில் கண்டிப்பாக இருக்கிறது: ஆவியில் பேசுவதாகச் சொல்லித் தனக்குப் பணம் கேட்பவன் கள்ளத் தீர்க்கதரிசி.

முடிவை ஏற்கிறோம், ஒரு பகுதியை ஏற்கிறோம், காத்திருக்கிறோம், ஏற்கவில்லை என்ற நான்கில் ஒன்றாகச் சொல்லுங்கள். மேடையில் சொல்லப்பட்டதற்கு மேடையிலேயே, இரண்டு வாரத்துக்குள் அறிவியுங்கள். அவசரமும் வேண்டாம். அனனியா என்ற தீர்க்கதரிசி, பாபிலோனிய அடிமைத்தனத்துக்கு அடையாளமாக எரேமியாவின் கழுத்திலிருந்த நுகத்தை எல்லார் முன்னும் உடைத்து, இரண்டு வருஷத்தில் விடுதலை என்று சொன்னபோது, எரேமியா தன் வழியே போய்விட்டார். கர்த்தருடைய வார்த்தை வந்தபிறகே பதில் சொன்னார்.

இந்த ஏற்பாடு முறியும் இடம் ஒன்று உண்டு: போதகரே தீர்க்கதரிசியாக இருக்கும் சபை. அங்கே கேள்வி கேட்பவர் வாயை "நான் அபிஷேகம்பண்ணினவர்களை நீங்கள் தொடாமலும்" என்ற சங்கீதம் 105:15 அடைத்துவிடும். அந்தச் சங்கீதம் அந்நிய ராஜாக்கள் ஆபிரகாம் குடும்பத்துக்குத் தீங்கு செய்யாதபடி கொடுத்த எச்சரிப்பு. நிதானிப்பதற்குப் போட்ட தடை அல்ல. அப்படிப்பட்ட சபைகள் அக்கம்பக்கத்துப் போதகர்கள் இருவரையாவது நிதானிக்க அழைக்கட்டும்.

கேள்வி: உபவாசக் கூட்டத்தில் வெளியூர் ஊழியர் என் மகன் பெயரையும் போன் எண்ணின் கடைசி இலக்கங்களையும் சொன்னார். தேவன் சொல்லாமல் எப்படித் தெரியும்? – வாசகி, தூத்துக்குடி

பதில்: அம்மா, அந்த ஊழியரைப் பற்றி நாங்கள் எதுவும் தீர்ப்பு சொல்லவில்லை. ஆனால் ஜெபக்குறிப்புச் சீட்டில் பெயரும் எண்ணும் எழுதிக் கொடுத்தீர்களா? முன்பதிவு செய்தீர்களா? வாட்ஸ்அப் குழுவில் மகனுக்காக ஜெபிக்கச் சொன்னீர்களா? இதில் எதுவானாலும் விவரம் மேடைக்குப் போக வழி உண்டு. 1986இல் அமெரிக்காவில் பீட்டர் போபாஃப் என்ற சுவிசேஷகர் ஆட்களின் பெயரையும் விலாசத்தையும் வியாதியையும் சொல்லிக்கொண்டிருந்தார். மோசடிகளை அம்பலப்படுத்தி வந்த மாயவித்தைக் கலைஞர் ஜேம்ஸ் ராண்டியின் குழு ரேடியோ ஸ்கேனர் கொண்டுபோய், 39.17 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் அவர் மனைவி ஜெபச் சீட்டுகளை அவர் காதுக் கருவிக்கு வாசிப்பதைப் பதிவு செய்து, தொலைக்காட்சியில் போட்டுக் காட்டியது.

விவரம் சரியாக இருந்தாலும் அதுவே சோதனையின் முடிவு அல்ல. அடையாளம் நடந்தாலும், வேறே தேவர்களிடம் இழுத்தால் செவிகொடுக்காதே என்கிறது உபாகமம் 13. பெயரைச் சொன்னபிறகு அவர் உங்களை என்ன செய்யச் சொன்னார் என்பதைக் கவனியுங்கள்.

கேள்வி: "இவர்தான் மாப்பிள்ளை, கர்த்தர் காட்டினார்" என்று எங்கள் போதகர் என் மகளிடம் சொல்லிவிட்டார். அவளுக்கு மனமில்லை. மறுத்தால் சாபம் வருமா? – தகப்பன், மதுரை

பதில்: வராது. விவாகத்தைப் பற்றிப் பேசும்போது பவுல் விதவைக்குக்கூட "தனக்கு இஷ்டமானவனாயிருக்கிற எவனையாகிலும்" என்று சுதந்தரம் கொடுத்து, "கர்த்தருக்குட்பட்டவனையே" என்று ஒரே எல்லை வைக்கிறார் (1 கொரி. 7:39). மகளுடைய மனமில்லாமையே உங்களுக்குப் போதுமான பதில். போதகரிடம் நீங்களும் உங்கள் மனைவியும் சேர்ந்து போய், "ஐயா, ஜெபித்தோம், எங்களுக்கு இதில் சம்மதம் இல்லை" என்று சொல்லுங்கள். மகளைத் தனியாக அனுப்பாதீர்கள். திருமணம், பணம், சொத்து, வெளிநாட்டுப் பயணம் ஆகியவற்றில் தனி நபருக்குக் கட்டளை போடும் தீர்க்கதரிசனத்தைச் சபை அனுமதிக்கவே கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து.

கேள்வி: சுகமாகிவிட்டது, மாத்திரையை நிறுத்து என்று தீர்க்கதரிசனம் வந்தது. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். – வாசகர், வேலூர்

பதில்: நிறுத்தாதீர்கள். இயேசு குஷ்டரோகிகளிடம் "நீங்கள் போய், ஆசாரியர்களுக்கு உங்களைக் காண்பியுங்கள்" என்றார். சுகத்தைச் சோதித்துச் சொல்லும் பொறுப்பு அன்று ஆசாரியருடையது. இன்று வெறும் வயிற்று இரத்தப் பரிசோதனையும், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் பரிசோதனையும் உண்டு. மாத்திரையைத் தொடர்ந்தபடியே எடுத்துப் பாருங்கள். குறைப்பதையும் நிறுத்துவதையும் மருத்துவர் சொல்லட்டும். உண்மையில் சுகம் கிடைத்திருந்தால் பரிசோதனையில் அது மறையாது. வலிப்பு, காசநோய், மனநோய் மருந்துகளுக்கும் இதே பதில். அவற்றைத் திடீரென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்து.

கேள்வி: தேர்தல் முடிவு, போர், வருகையின் நாள் என்று யூடியூபில் சொல்லி நடக்காமல் போனால், அடுத்த வாரம் வேறொன்று சொல்கிறார்கள். இதற்கு ஒழுங்கே இல்லையா? – வாசகர், கோயம்புத்தூர்

பதில்: உண்டு. "நடவாமலும் நிறைவேறாமலும்போனால், அது கர்த்தர் சொல்லாத வார்த்தை" என்று உபாகமம் 18:22 நேராகச் சொல்கிறது. 2020 அமெரிக்கத் தேர்தலில் டிரம்ப் வெல்வார் என்று சொன்னவர்கள் அநேகர். அவர்களில் ஜெரமையா ஜான்சன் என்ற அமெரிக்க ஊழியர் 2021 ஜனவரியில் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். அதற்கு அவருடைய ஆதரவாளர்களிடமிருந்தே வசையும் மிரட்டலும் வந்தன. தவறியவரைவிட அவரைத் திருந்தவிடாத கூட்டம் பெரிய ஆபத்து. அதே ஆண்டு ஏப்ரலில் அமெரிக்கச் சபைத் தலைவர்களான மைக்கேல் பிரவுனும் ஜோசப் மட்டேராவும் முன்னின்று ஒரு நெறிமுறை அறிக்கை வெளியிட்டார்கள். பொய்த்துப்போன பகிரங்கத் தீர்க்கதரிசனத்துக்குச் சொன்னவர் முழுப் பொறுப்பு ஏற்க வேண்டும் என்பது அதன் முக்கியக் கோரிக்கை.

பொறுப்பு ஏற்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தூரம் போக வேண்டாம். அருளப்பன் காலத்து எழுப்புதல் திருவிதாங்கூருக்குப் பரவிய பிறகு, அங்கே ஜஸ்டஸ் ஜோசப் என்ற போதகரின் கூட்டத்தார் 1881இல் கிறிஸ்து வருவார் என்று அறிவித்தார்கள். ஆண்டு கடந்தது. பிழை என்று ஒப்புக்கொண்டிருந்தால் எழுப்புதலின் நன்மை நிலைத்திருக்கும். அவர்களோ யுயோமயம் என்ற புதுப் போதனையோடு தனி வழி போய்விட்டார்கள்.

தேதி சொல்லித் தவறியவர், பேசிய அதே மேடையில், அதே சேனலில் பிழையை ஒப்புக்கொள்ள வேண்டும். பழைய வீடியோவைச் சத்தமில்லாமல் நீக்குவது மனந்திரும்புதல் ஆகாது. சில மாதங்களாவது பேசாமல் மூப்பர்களுக்குக் கீழே அமர்ந்திருக்க வேண்டும். "ஜனங்கள் ஜெபித்ததால் தேவன் மாற்றிவிட்டார்" என்பதை, முன்பே நிபந்தனை சொல்லப்பட்டிருந்தால் மட்டும் ஏற்கலாம்.

கேள்வி: ஜெபிக்கும்போது மற்றவர்களைக் குறித்துக் காட்சிகள் வருகின்றன. வயது 21. எப்படி ஆரம்பிப்பது? – வாசகர், திருச்சி

பதில்: தம்பி, வருவதையெல்லாம் சொல்ல வேண்டியதில்லை. முதலில் எழுதி வை. பெரும்பாலானவை ஜெபிப்பதற்காக மட்டுமே கொடுக்கப்படுகின்றன. சொல்லத்தான் வேண்டும் என்று பாரம் இருந்தால், முதலில் போதகரிடமோ மூப்பரிடமோ சொல். அவர் அனுமதித்தபின், மூன்றாவது ஒருவர் கூட இருக்க, அந்த நபரிடம் பேசு. "கர்த்தர் சொல்லுகிறார்" என்று ஆரம்பிக்காதே. கேட்பவரால் அதற்குப் பிறகு மறுக்கவே முடியாது. "ஜெபிக்கும்போது இப்படித் தோன்றியது, சோதித்துப் பாருங்கள்" என்று சொன்னால் போதும். சாதாரணக் குரலில், சாதாரணத் தமிழில் பேசு. கண்டதை மட்டும் சொல். பொருள் தெரியாவிட்டால் தெரியாது என்றே சொல். மரணம், கர்ப்பம், துணையின் துரோகம், மறைவான பாவம் இவற்றைப் பற்றி எது தோன்றினாலும் அது போதகரோடு நிற்கட்டும். காணிக்கை கொடுத்தால் வாங்காதே. ஆறு மாதம் கழித்து உன் நோட்டை மூப்பரோடு உட்கார்ந்து திருப்பிப் பார். எது நிறைவேறியது, எது உன் சொந்த எண்ணம் என்று அவர் குறிக்கட்டும். அவர் "இன்னும் பொறு" என்றால் பொறு.