2017-இல் பன்னீர்செல்வத்தை முந்தி எடப்பாடி பழனிசாமி எப்படி முதல்வரானார்?

எண்ணிக்கைதான் காரணம். பிப்ரவரி 5 அன்று அதிமுக எம்.எல்.ஏ.க்கள் சசிகலாவைச் சட்டமன்றக் கட்சித் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். ராஜினாமா செய்த பன்னீர்செல்வம், 7-ஆம் தேதி இரவு ஜெயலலிதா நினைவிடத்தில் உட்கார்ந்துவிட்டு, தன்னைக் கட்டாயப்படுத்தியதாகச் சொன்னார். மக்களின் அனுதாபம் குவிந்தது, எம்.எல்.ஏ.க்கள்தான் வரவில்லை. பெரும்பாலோர் கூவத்தூர் ரிசார்ட்டில் இருந்தார்கள் (விருந்தா, காவலா என்பது நீங்கள் யாரைக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது).

14-ஆம் தேதி சொத்துக்குவிப்பு வழக்கில் சசிகலாவுக்கான தண்டனையை உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அன்றே பழனிசாமியைத் தலைவராக்கினார்கள். கட்சி யாருக்கு என்ற வழக்கு தேர்தல் ஆணையத்துக்குப் போகும். ஆட்சிக்கோ அவையில் தலைகளைத்தான் எண்ணுவார்கள். ரகசிய வாக்கெடுப்புக் கோரிக்கையைச் சபாநாயகர் தனபால் ஏற்கவில்லை. 18-ஆம் தேதி, திமுகவினர் வெளியேற்றப்பட்ட பின் நடந்த வாக்கெடுப்பில் பழனிசாமிக்கு ஆதரவு 122, எதிர்ப்பு 11.